சுடாத கொக்கிகள்

எங்கள் பக்கத்து மலையில் இப்போது சுற்றுலாக்காரர்கள் கம்பியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். போன மாதம் பேரன் என்னையும் இழுத்துப் போனான். இடுப்பில் பட்டி, தலையில் கவசம், மேலே ஒரு சின்னச் சில்லு. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்திக்கொண்டே போகிறார்கள். மற்றவர்கள் எல்லாம் அவர்கள் புறப்படுகிற இடத்தில் நின்று படம் பிடித்தார்கள். நான் கம்பி முடிகிற இடத்தைத் தேடிப் போனேன். அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. நீளமான சுருள்வில் ஒன்று கம்பியைச் சுற்றிக் கிடந்தது. வளையங்களை எண்ணத் தொடங்கினேன். இருபத்தாறு வரைக்கும் வந்திருப்பேன், அங்கே நின்ற சிங்களப் பையன், "பய வெண்ட எபா, சீயே" என்று என் தோளைப் பிடித்து அப்பால் நகர்த்திவிட்டான். பயப்படாதீர்கள் தாத்தா என்கிறான். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. எண்ணிக்கை பாதியில் நின்றுபோனதுதான் வீடு வந்து சேரும்வரை உறுத்தியது.

உங்களில் எழுபதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குக் கொழுந்துக் கம்பி நினைவிருக்கும். மறந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் மேல்கணக்கு, அதாவது மேல் டிவிசன், மலையின் தலையில் இருந்தது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை அடியில், ஆற்றோரம். இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம். வண்டிப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி வரும்; லொறி காலையில் ஒருமுறைதான் மேலே ஏறும். ஆகவே மேல்கணக்கில் பறித்த கொழுந்தை மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நிறுத்ததும் சாக்கில் கட்டிக் கம்பியில் கீழே விடுவார்கள். கம்பி என்றால் பெருவிரல் தடிப்பில் முறுக்கிய இரும்புக் கயிறு. மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு மரச் சட்டத்தில் தொடங்கி, பள்ளத்தைத் தாண்டி, ஸ்டோரின் பின்புறத்தில் போய் முடியும். சில்லு எதுவும் கிடையாது. சாக்கின் கழுத்தில் ஓர் இரும்புக் கொக்கி. அதைக் கம்பியில் மாட்டிக் கையை எடுத்தால் சாக்கு தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு இறங்கும். கீழ்முனையில், பழைய ரயில் பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு தடித்த சுருள்வில்லும் அதன் முகத்தில் ஒரு பலகையும் இருந்தன. சாக்கு பலகையில் முட்டி, சுருள் இரண்டு விரல்கடை அமுங்கி, நின்றுவிடும்.

கொக்கிகள் மொத்தம் நாற்பத்திரண்டு. ஒன்று ஆற்றில் விழுந்ததாகச் சொல்வார்கள். அதையும் சேர்த்தால் நாற்பத்து மூன்று. எல்லாம் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தன. அந்தச் சொரசொரப்பால் கம்பி கத்தும். கதவுக்கு வெளியே விட்டுப் பூட்டிய நாய்க்குட்டி போல நீளமாக ஒரு கத்தல். பள்ளிக்கூடம் ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்தது. வகுப்பில் இருந்தபடியே அந்தக் கத்தலை வைத்து எத்தனை சாக்கு இறங்கியது என்று எண்ணுவேன். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் நடுவில் சாக்குக் கணக்கு கலந்துவிடும். அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன்.

கீழ்முனையில் நின்று சாக்குகளைக் கழற்றுவது என் அப்பா. ஒரு சாக்கைக் கழற்றி ஓரமாக வைத்ததும், அங்கே தொங்குகிற தண்டவாளத் துண்டில் இரும்பால் ஓர் அடி அடிப்பார். அந்த மணி மேலே கேட்ட பிறகுதான் அடுத்த சாக்கை விட வேண்டும். மேல்முனையில் நின்று விடுவது அத்தை, அப்பாவின் தங்கச்சி.

குளிர் மாதங்களில் பள்ளி விட்டதும் நான் நேராக அப்பாவிடம் ஓடுவேன். மலையிறங்கி வந்த கொக்கி சுடும். தொட்டால் கை கொப்பளிக்கிற சூடு இல்லை. அப்போதுதான் தேத்தண்ணீர் ஊற்றிய பித்தளைக் கோப்பையின் சூடு. அப்பா அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக் குளிர்காய்வார். எனக்கும் ஒன்று தருவார். காய்ந்த துருவும் லேசாகக் கருகிய சாக்கு நாரும் கலந்த ஒரு வாசனை அதில் இருக்கும். இப்போதெல்லாம் சளியடைத்து எனக்கு மூக்கே சரியில்லை. ஆனாலும் இதை எழுதும்போது அந்த வாசனை வருகிறது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கொழுந்து பறித்தவள்தான். ஒரு மழை நாளில் மலையில் வெட்டியிருந்த தண்ணீர்க் கானைத் தாண்டும்போது விழுந்து கணுக்கால் முறிந்தது. கட்டுப் போட்டவர் போட்ட கட்டில் எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. அதற்குப் பிறகு கூடையைச் சுமந்துகொண்டு சரிவில் நிற்க முடியாது. மேல்கணக்கில் சமதரையில் நின்று செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்று, கம்பி. அதை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். மாமா இறந்துபோயிருந்தார், பிள்ளைகள் இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருந்தாள். வேலைக்குப் போய் நாட்கூலிக் கணக்கில் பேர் விழுகிற வரைக்கும்தான் அந்தக் காம்பரா. பேர் விழாதவருக்குத் தோட்டத்தில் கூரை இல்லை. எங்கள் காம்பராவில் அப்போதே ஏழு பேர் படுத்தோம். கம்பி போனால் அத்தைக்குக் காம்பராவும் போகும்; எங்களோடு படுக்கவும் இடமில்லை.

இனி ஆயுத பூசைக்கு வருகிறேன்.

ஸ்டோரில் ஆண்டுதோறும் பூசை நடக்கும். எஞ்சினுக்கு மாலை, ரோலர்களுக்குச் சந்தனம், சல்லடைகளுக்குக்கூடப் பொட்டு. அப்பா கீழ்முனைக்கு வந்த முதல் ஆண்டில் கம்பியை ஒருவரும் கவனிக்கவில்லை. ஸ்டோரின் பின்புறம் என்பதால் பூசைத் தட்டு அங்கே வரவே இல்லை. அது அப்பாவின் மனதில் கிடந்தது. அடுத்த ஆண்டு பூசைக்கு முன்பே என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். அங்கே ஒரு முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடைதான் எங்களுக்கு எல்லாம்.

"ஆமணக்கெண்ண ஒரு போத்தல் குடுங்க மொதலாளி."

"முழுப் போத்தலா? வீட்டுல எத்தன புள்ளைக்குப் பேதி குடுக்கப் போறீங்க?"

"புள்ளைக்கு இல்லைங்க. கம்பிக்கு."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "கம்பிக்குப் பேதியா? பாத்துக்கங்க, அப்புறம் நிக்காமப் போயிரப் போகுது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். போத்தலைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டு கொக்கிகளையும் செங்கல் தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். கம்பியில் உட்காருகிற உள்வளைவை மட்டும் ஃபிட்டரிடம் இரவல் வாங்கிய அரத்தால் ராவி, விரல் வைத்தால் வழுக்குகிற மாதிரி செய்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரு தகரத்தில் போட்டு எண்ணெயில் ஊற வைத்தார். பூசையன்று வாழை இலையில் அவற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு. சுருள்வில்லுக்குச் செவ்வந்தி மாலை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா பார்த்துவிட்டு, "வேலைக்காரன்னா இப்படி இருக்கணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்பாவை ஸ்டோரில் யாராவது அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மேல்முனையை அப்பா மறந்துவிட்டார். அங்கே ஒரு மரச் சட்டம் இருக்கிறது, அதன் அடியில் தங்கச்சி நிற்கிறாள் என்பது அவருக்கு அன்று நினைவில் வரவில்லை. பொரியும் கடலையும் என்னிடம் கொடுத்து அனுப்பினார். அத்தை வாங்கித் தின்றுகொண்டே கேட்டாள்.

"மேல இருக்கிற சட்டத்துக்குப் பொட்டு எங்கடா?"

"அப்பா தரல அத்தை."

"கீழ இருக்கிற கம்பிக்குத்தான் சாமி இருக்கா? மேல இருக்கிறது என்னா, துணி காயப்போடுற கொடியா? ஒங்கப்பன்கிட்ட கேளு."

கேட்டேன். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பூசை முடிந்து வேலை தொடங்கிய அன்று பள்ளியில் என்னால் சாக்குகளை எண்ண முடியவில்லை. கம்பி கத்தவில்லை. காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டால் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல ஒன்று கேட்கும், அவ்வளவுதான். அதைத் தொடர்ந்து 'டங்' என்று ஒரு சத்தம். பள்ளி விட்டதும் ஓடினேன். அப்பா ஒரு கொக்கியைக் கழற்றி என் கையில் வைத்தார். ஆற்றுக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

"பாத்தியா? சூடே இல்ல. சாமி தொட்டுருச்சு" என்றார்.

எண்ணெய் மீதமிருந்தது. அந்தக் குளிர்ச்சி போய்விடக்கூடாது என்று தினமும் காலையில், கொக்கிகள் லொறியில் மேலே போவதற்கு முன்னால், ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து அனுப்பினார்.

'டங்' என்ற சத்தம் சுருள்வில்லுடையது. முன்பு இரண்டு விரல்கடை அமுங்கிய சுருள் இப்போது வளையத்தோடு வளையம் இடிபடும்வரை அமுங்கியது. அமுங்கியது சும்மா இருக்குமா? சாக்கைத் திருப்பி எறிந்தது. சாக்கு வந்த வழியே கம்பியில் ஓர் ஆள் நீளம் பின்னால் ஏறி, மறுபடியும் இறங்கி, மறுபடியும் முட்டும். அப்பா ஒரு கவைக்கம்பால் அதைக் கொளுவிப் பிடிக்கப் பழகிக்கொண்டார். கொழுந்துதான் பழகவில்லை. நசுங்கிய கொழுந்து சிவந்துபோகும், அது உங்களுக்குத் தெரியும். வாட விரித்த தட்டுகளில் மேல்கணக்குக் கொழுந்து மட்டும் வெற்றிலை துப்பிய மாதிரி கிடந்தது. டீமேக்கர் ஐயா கத்தினார். கத்தல் மலையேறிக் கண்டாக்கையாவிடம் போயிற்று. கண்டாக்கையா என்றால் மேல்கணக்கில் தோட்டவேலை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர்.

அவர் முதலில் கொழுந்தெடுக்கும் பெண்களைப் பிடித்தார்.

"சாக்குல கால வச்சு மிதிச்சு அடைக்கிறீங்களா?"

"மிதிக்கிறதுக்கு அது என்னங்கய்யா, செங்கல்லுக்குக் கொழைச்ச மண்ணா?" என்றாள் அம்மா. அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

அடுத்து, சாக்கு பாரம் அதிகம், அதனால்தான் வேகம் என்று முடிவு செய்தார். இனிமேல் அரைச் சாக்குதான் என்றார். சாக்குகளின் எண்ணிக்கை இரட்டித்தது, வேகம் குறையவில்லை. அரைச் சாக்குக்குள் கொழுந்து உருண்டு புரண்டு இன்னும் சிவந்தது.

மூன்றாவதாக அப்பாவைக் கேட்டார். மேலேயும் கீழேயும் இருக்கிற பொருட்களை அப்பா மனதில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். கம்பி அதே கம்பி. சுருள் அதே சுருள். கொக்கி அவர் கையால் துடைத்து, சாமி முன்னால் வைத்து எடுத்தது. அதில் பிழை வராது. மிஞ்சியது மேலே கொக்கியை விடுகிற கை.

"தங்கச்சி தள்ளிவிடுறாங்கய்யா" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ரொட்டி தின்னும்போது அம்மா கேட்டாள், "என்னாங்க, கூடப் பொறந்தவளப் போய் அப்பிடிச் சொல்லலாமா?"

"உள்ளதத்தானே சொன்னேன். பொட்டு வைக்கலன்னு கோவம். கோவத்த சாக்குல காட்டுறா."

"ஒரு பொட்டுக்காகவா?"

"ஒனக்குத் தெரியாது. சின்னதுல ஒரு பேரிக்கா குடுக்கலன்னு கல்லெடுத்து எறிஞ்சவ அவ." அப்பா நெற்றியில் இருந்த தழும்பைக் காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. அடுத்த பக்கத்தில் அத்தை விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொடங்கியது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கண்டாக்கையா அத்தையைத் தனியாக நிறுத்தி எச்சரித்தார். இன்னொரு தடவை தள்ளினால் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

"நான் தள்ளலங்கய்யா. கையத்தான் எடுக்கிறேன்."

"அப்ப மெதுவா எடு."

மெதுவாக எடுத்தாள். ஒவ்வொரு விரலாக எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கீழே 'டங்' என்றுதான் கேட்டது. அந்தச் சத்தம் இப்போது மேலேயும் கேட்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அத்தை கண்ணை மூடிக்கொள்வாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பிறகு நான் டவுனில் மேல்வகுப்பு படித்தபோது பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சரிவு வரைந்தார். சரிவில் வழுக்கி வரும் கட்டை, அடியில் ஒரு சுருள்வில். உயரத்தில் இருக்கும் பொருளிடம் சக்தி இருக்கிறது. இறங்கும்போது அது வேகமாக மாறுகிறது. உராய்வு அதில் ஒரு பங்கை வெப்பமாகவும் சத்தமாகவும் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் சுருளை அமுக்குகிறது. எதுவும் காணாமல் போவதில்லை என்றார். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். மற்ற முப்பத்தேழு பேரும் படத்தைப் பார்த்து வரைந்தார்கள். நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொக்கியின் சூடு, கம்பியின் கத்தல், இரண்டும் மலையின் உயரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. எண்ணெய் போட்டதும் இரண்டும் நின்றன. நின்றவை எங்கே போகும்? சாக்கின் வேகத்துக்குப் போயின, அங்கிருந்து சுருளுக்கு, சுருளிலிருந்து கொழுந்துக்கு. சாக்கைப் பாதியாக்கியதும் வீண் வேலை. இழுக்கும் பாரம் பாதியானால் உராய்வும் பாதியாகும், வேகம் அப்படியேதான் இருக்கும். சுருள் அமுங்குவது வேண்டுமானால் சற்றுக் குறையும். அத்தை தள்ளியிருந்தால்? அதையும் கணக்குப் போட்டேன், அதற்குப் பிறகு பல தடவை போட்டிருக்கிறேன். அவள் இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் தள்ளியிருந்தாலும், மேலே இருந்த மரச் சட்டத்தை ஒரு முழம் உயர்த்தி நட்டதற்குத்தான் அது சமம். மலையோ நூற்றுக்கணக்கான முழம். பின்னாளில் பொல்பிட்டிய நீர்மின்நிலையத்தில் எழுதுவினைஞனாக இருந்தபோது, மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் வரும். வாய்க்காலில் யாரும் தண்ணீரைத் தள்ளிவிடுவதில்லை.

விடுமுறையில் வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். சோறு தின்றுகொண்டிருந்தார்.

"அப்ப, சாமிக்கு எண்ண வச்சது தப்புங்கிறியா?"

"சாமிக்கு வைக்கலப்பா, கொக்கிக்கு வச்சீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ தின்னு."

பூசை நடந்த அந்த ஆண்டில் எண்ணெய்ப் போத்தல் தீபாவளிக்கு முன்பே தீர்ந்துபோனது. இன்னொன்று வாங்க வழியில்லை. மழை ஈரத்தில் கொக்கிகள் துருப்பிடித்தன, கம்பி மறுபடியும் கத்தியது, கொழுந்து பச்சையாக இறங்கியது. இவ்வளவுதான் விஷயம். சும்மா இருந்திருந்தாலே தானாகச் சரியாகியிருக்கும். ஆனால் போத்தல் தீருவதற்கு முன்னால் அந்த நாள் வந்துவிட்டது.

மத்தியானம் முழுவதும் தூறல். சாயங்காலக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் பள்ளத்தில் பனி நிறைந்து, கம்பி மரச் சட்டத்திலிருந்து பத்து முழம் போய் வெள்ளைக்குள் மறைந்துவிட்டது. நான் அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய் மடுவத்தில் நின்றேன். பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கூடையோடு வரிசையில் நின்றார்கள். கண்டாக்கையா வந்ததும் வராததுமாக அத்தையைக் கூப்பிட்டார். காலையில் டீமேக்கர் ஐயா தோட்ட நிர்வாகியான துரையிடம் முறையிடப் போய்விட்டாராம்.

"நீ தள்ளி நில்லு. நாளைக்குக் கூடையோட பெரட்டுக்கு வா."

அத்தை கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டு போய்ப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள். அம்மாதான் பேசினாள்.

"ஐயா, அவ காலு மலைக்கு ஆகாதுங்க."

"கையி மட்டும் ஆகுமா? ஸ்டோருல எல்லாக் கொழுந்தும் செவந்து கெடக்கு."

அத்தையின் இடத்துக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். அவள் அத்தையையும் கண்டாக்கையாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கொக்கியைத் தொடவே பயந்தாள்.

"இங்க பாரு," என்றார் கண்டாக்கையா. குடையை ஒருத்தியிடம் கொடுத்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நல்லா விட்டா அரைச் சாக்கெல்லாம் தேவையே இல்ல. முழுச் சாக்கக் கொண்டா."

முழுச் சாக்கு வந்தது. தானே தூக்கி மாட்டினார். "குழந்தையத் தொட்டில்ல போடுற மாதிரி. இப்பிடி." இரண்டு விரலால் சாக்கைப் பிடித்திருந்தார். விரலை எடுத்தார். உண்மையிலேயே அழகாக விட்டார். சாக்கு மெல்ல நகர்ந்து பனிக்குள் போனது. "பாத்தியா?" என்றார்.

கீழே 'டங்' என்றது. இதுவரை கேட்டவற்றில் அதுதான் பெரிய 'டங்'. மணி வரவில்லை.

காத்திருந்தோம். கண்டாக்கையா கொழுந்து நிறுக்கத் தொடங்கினார். ஒரு கூடை, இரண்டு கூடை. பதினோராவது கூடையும் முடிந்தது, மணி வரவில்லை. மணி வராமல் அடுத்த சாக்கை விட முடியாது. கட்டிய சாக்குகள் மடுவத்து வாசலில் சேர்ந்தன. புதுப்பெண் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற மாதிரி நின்றாள். முதலில் எழுந்தது அத்தைதான்.

"அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். யாருடைய அனுமதியும் கேட்காமல் இறங்கு பாதையில் நொண்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அம்மா கூடையைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன்.

அதிக தூரம் போகவில்லை. பனிக்குள்ளிருந்து அப்பா ஏறி வந்தார். ஒரு பக்கம் முழுக்கச் சேறு. உதடு கிழிந்து இரத்தம் தாடையில் வழிந்திருந்தது. தலையில் கட்டிய துண்டில், காதில், சட்டைப் பையில் எல்லாம் கொழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அரைச் சாக்கு வரும் என்று கவைக்கம்போடு நின்றவரை முழுச் சாக்கு திருப்பியடித்து விழுத்தியிருக்கிறது. அவருக்கு முதலில் தெரிந்தது அத்தைதான்.

"கொல்லப் பாத்தியாடி? ஒரு பொட்டுக்காகக் கொல்லப் பாத்தியா?"

"நான் விடலண்ணே."

"எருமை மாட்டத் தள்ளுற மாதிரி தள்ளிட்டு நான் விடலங்கிற. இத்தன நாளும் தள்ளுனியே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, இன்னைக்குத்தான்டி முழு மூச்சாத் தள்ளியிருக்க!"

"நான் விடலண்ணே."

"நீ விடாம, செத்துப்போன ஒம் புருசனா வந்து விட்டான்?"

மடுவத்திலிருந்து எல்லாப் பெண்களும் பாதைக்கு வந்துவிட்டார்கள். அத்தை கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தன் முந்தானையால் அப்பாவின் தாடையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, ஏதோ வீட்டு விஷயம் சொல்வது போலச் சொன்னாள்.

"கண்டாக்கையா விட்டாருங்க."

அப்பா விளங்காமல் பார்த்தார். அம்மா கண்ணால் காட்டினாள். பெண்களுக்குப் பின்னால், காதில் பென்சிலோடு, கண்டாக்கையா நின்றுகொண்டிருந்தார். எருமை மாடு வரைக்கும் எல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அப்பா மரியாதைக்காக அவசர அவசரமாகத் தலைத்துண்டை அவிழ்த்தார். அதிலிருந்து ஒரு பிடி கொழுந்து கண்டாக்கையாவின் சப்பாத்துக் காலில் விழுந்தது. நன்றாகச் சிவந்திருந்தது.

பின்னால் யாரோ கம்பளிக்குள் சிரித்தார்கள். அது இன்னொரு கம்பளிக்குப் போனது. புதுப்பெண்கூடச் சிரித்தாள்.

கண்டாக்கையா சப்பாத்தை உதறினார். அப்பாவைப் பார்த்து, "எடத்த விட்டுட்டு நீ ஏன்யா மேல வந்த?" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொல்வது போல, "இருட்டப் போகுது. சாக்கெல்லாம் அப்பிடியே கெடக்கு" என்றார். இரண்டு எட்டு நடந்து நின்றார். "ஏய், ஒன்னத்தான். என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? போய் மாட்டு."

அத்தையைத்தான் சொன்னார். புதுப்பெண் ஓடிப்போய்க் கொக்கியை அத்தையின் கையில் வைத்தாள்.

அத்தை மரச் சட்டத்தின் அடியில் போய் நின்று, நல்ல காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு சாக்கை மாட்டினாள். சாக்கின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். அவர் துண்டைப் பிழிந்துகொண்டு அங்கேயே நின்றார்.

"போங்கண்ணே," என்றாள். "நீங்க போய் மணியடிச்சப்புறந்தான் விடுவேன்."

அப்பா இறங்கினார். பனி அவரை மூடியது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நிறுத்து முடிந்தவர்கள்கூடக் கூடையை முதுகிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தை கையை எடுக்கவே இல்லை. கீழேயிருந்து தண்டவாளத் துண்டு ஒரு தடவை ஒலித்தது. அவள் கையைச் சாக்கிலிருந்து எடுத்தாள். எடுத்த கையை ஐந்து விரலும் விரிய, எல்லோரும் பார்க்கும்படி மேலே தூக்கிப் பிடித்தாள். சாக்கு சத்தமில்லாமல் வெள்ளைக்குள் போனது.

கீழே 'டங்' என்றது.

அத்தையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் கண்டாக்கையாவைப் பார்த்தார்கள்.